நிகர எடை

ராயக்கோட்டை ரோடு மேம்பாலத்தடியில்
முனவ்வரின் கடை.
பின் டயரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு
பத்திரம் படிப்பவனைப் போலக் குனிந்து பார்த்தான்.
நடுவில் பலகையாகத் தேய்ந்திருந்தது.
ஓரங்களில், ஆலையிலிருந்து வந்த ரப்பர் முடிகள்
இன்னும் உதிரவில்லை.
"நேர் ரோட்லயே போறீங்க சார்.
வளைவுன்னா பயமா?"

போன ஐப்பசியிலிருந்து.
அதை அவனிடம் சொல்லவில்லை.

இருபதாயிரம் ஓடும் என்று வாங்கிய டயர்.
இருபத்திரண்டு ஓடியது. பேச்சுத் தவறவில்லை.
ஆனால் தொப்பூர் இறக்கத்தில்,
முதல் தூறலும் லாரி டீசலும் கலந்து
ரோடு மினுங்கிய அந்தச் சாயங்காலம்,
இரட்டைப் பாலத்துக்கு முந்தைய வளைவில்
பின்சக்கரம் ஒரு சாண் விலகிப் போய்
திரும்ப வந்தது.
அரை நொடி. விழவில்லை.

தமயந்தி ஒன்றும் சொல்லவில்லை.
ஏற்காட்டில் அறை போட்டிருந்தோம்.
ஓமலூரில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
கிருஷ்ணகிரி பஸ் ஏறினாள்.

தொப்பூர் ஏற்றம் முழுக்க
அந்தப் பஸ்ஸின் புகையில் வந்தேன்.
மூன்றாவது ஜன்னலில் சிவப்பு ஹெல்மெட்
திரும்பவே இல்லை.
தர்மபுரியில் கண்டக்டர்தான் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

முனவ்வர் இரண்டை உருட்டிக்கொண்டு வந்தான்.
ஒன்று கெட்டி ரப்பர். இருபத்தைந்தாயிரம் போகும்,
மழையில் மட்டும் தன்பாட்டுக்கு யோசிக்கும்.
மற்றது மெது. ரோட்டை விடாது,
எட்டாயிரத்தில் கம்பி தெரியும்.
மூன்றாவது ஒன்று உயரத்தில் தொங்கியது,
காலண்டருக்குப் பக்கத்தில்.
நடுவில் கெட்டி, ஓரங்களில் மெது.
விலை சொல்வதற்கு முன் எனக்கு டீ சொன்னான்.

மாம்பழத்தில் காம்பு பார்ப்பதுபோல
டயரின் விலாவில் நாலு எண் தேடினேன்.
எந்த வாரம், எந்த வருஷம்.
"புதுசுதான் சார். சும்மா தொங்கினாலும்
ரப்பருக்கு வயசாகும், தெரியும் எனக்கு.
பின்னாடி ஆள் உண்டா?"

பாரக் கணக்குக்காகத்தான் கேட்டான்.

குருபரப்பள்ளியில் எடைமேடை வைத்திருக்கிறேன்.
கிரானைட் லாரிகளுக்கும் மாங்காய் டிராக்டர்களுக்கும்
சீட்டுக் கொடுத்தே சோறு.
ஒரு ஞாயிறு, மேடை காலியாக இருந்தபோது
வண்டியோடு ஏறி நின்றோம், அவளும் நானும்.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
ஐந்நூற்று நாற்பது.
அவள் குதித்து இறங்கினாள்.
நானூற்று எண்பது.
லாரிக்கு அடிப்பதுபோலவே சீட்டு அடித்தேன்:
மொத்த எடை, வெற்று எடை,
நிகர எடை அறுபது கிலோ.
சரக்கு என்ற இடத்தில்
பழக்க தோஷத்தில் மாங்காய் என்று விழுந்துவிட்டது.
அரை நாள் பேசவில்லை.
பிறகு அந்தச் சீட்டை என் பர்ஸில் வைத்ததும் அவள்தான்.

"சார், ஆள் உண்டா?"

"உண்டு" என்றேன்.
அவளைக் கேட்காமல்.

கொக்கிக் கம்பால் மூன்றாவதை இறக்கினான்.
சோப்புத் தண்ணீர் தடவி விளிம்பில் ஏற்றினான்.
காற்று ஏறி, ரப்பர் இடத்தில் உட்கார்ந்தபோது
துப்பாக்கி மாதிரி இரண்டு சத்தம்.
"முதல் இருநூறு கிலோமீட்டர் சாய்க்காதீங்க.
மேல ஒரு வழவழப்பு இருக்கும், போகட்டும்.
ஆளும் ஏத்தாதீங்க."

படம் எடுத்து அனுப்பினேன்.
நீலக் குறி விழுந்தது.
டீ ஆறி, ஆடை கட்டியது.
பிறகு வந்தது:
"எவ்வளவு?"

உள்ளதை உள்ளபடி எழுதினேன்,
சில்லறையோடு.

"அதைக் கேக்கல.
மழையில எவ்வளவு புடிக்கும்?"

முனவ்வரிடம் காட்டினேன்.
கையைத் துடைத்தபடி படித்தான்,
பழைய டயரை மூலைக்கு உருட்டிவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

தெரியாது என்று எழுதினேன்.
இருநூறு நான் தனியாக ஓட்ட வேண்டும்.
பர்கூர் போய்த் திரும்பினால் முப்பது.
ஏழு தடவை.